அரியர் வைத்தவர் ஏறிய மலை



ரிசல்ட் வந்த அன்று நம் நம்பரைத் தேடிப் பார்த்து, முகம் தொங்கிப் போய் ரூமுக்குத் திரும்பியவர்கள் நம்மில் எத்தனையோ பேர். நானும் ஒருவன். எங்க வீட்டில் முதன்முதலாகப் படிக்க வந்தவன் நான். அரியர்னா என்னன்னு அம்மாவுக்கு விளக்கவே எனக்கு வாய் வரவில்லை. அந்த வாரம் லைப்ரரியில் படித்த வாழ்க்கைதான் இது. உங்களுக்கும் சொல்ல வேண்டும் என்று தோன்றியது.

1932ல் அமெரிக்காவின் சான் பிரான்சிஸ்கோவில் பிறந்தவர் டயான் ஃபாசி. சின்ன வயசிலிருந்தே மிருகங்கள் மேல் உயிர். கால்நடை டாக்டராக வேண்டும் என்று கல்லூரியில் சேர்ந்தார். கெமிஸ்ட்ரியும் பிசிக்ஸும் காலை வாரின. இரண்டாம் ஆண்டில் பெயில்! படிப்பை மாற்றிக்கொண்டு 1954ல் பட்டம் வாங்கி, கென்டக்கி மாநிலத்தில் கைகால் முடியாத குழந்தைகளுக்குப் பயிற்சி கொடுக்கும் வேலைக்குப் போனார். கதை இத்தோடு முடிந்திருக்கலாம். ஆனால் ஆப்பிரிக்கா போய்க் காட்டு மிருகங்களை நேரில் பார்க்க வேண்டும் என்ற ஆசை மட்டும் அவரை விடவில்லை.

கையில் காசு இல்லை. சேமிப்போடு பேங்க் கடனும் வாங்கி 1963ல் கிளம்பினார். கென்யாவில் யானைகள், தான்சானியாவில் நுகோரோங்கோரோ பள்ளத்தாக்கின் சிங்கங்கள், வரிக்குதிரைகள் எல்லாம் பார்த்தார். ஓல்டுவாயில் ஆதிமனித எலும்புகளைத் தோண்டிக்கொண்டிருந்த லூயி லீக்கியைச் சந்திக்கப் போன இடத்தில் வழுக்கி விழுந்து காலில் அடி. வீங்கிய காலோடு காங்கோவின் விருங்கா எரிமலைகளில் ஏறி, மலைக் கொரில்லாவைப் பார்த்துவிட்டுத்தான் ஊர் திரும்பினார். திரும்பி வந்து கடனைக் கட்டினார், நம்ம வீட்டு ஆட்கள் மாதிரியே.

1966ல் லீக்கி அவர் ஊருக்குச் சொற்பொழிவாற்ற வந்தபோது, கொரில்லாக்களை ஆராயும் வேலைக்கு அவரைத் தேர்ந்தெடுத்தார். மறு ஆண்டே காங்கோவில் கூடாரம். ஆறு மாதம்தான் ஆகியிருக்கும், உள்நாட்டுக் கலவரம். ராணுவத்தினர் மலையிலிருந்து இறக்கிக் காவலில் வைத்தார்கள். தப்பித்து உகாண்டா போனவர், அமெரிக்காவுக்கு டிக்கெட் எடுக்கவில்லை. மலையின் மறுபக்கம் ருவாண்டா. அங்கே 1967 செப்டம்பர் 24ல், கரிசிம்பி, விசோகே என்ற இரு எரிமலைகளுக்கு நடுவில், சுமார் 3000 மீட்டர் உயரத்தில் கரிசோகே முகாமை அமைத்தார்.

ஓயாத மழை, சேறு, தொட்டால் சுரீரென்று எரியும் செந்தட்டி. தடம் பார்த்து வழிகாட்டியவர்கள் உள்ளூர் ஆட்கள். 150 கிலோவுக்கு மேல் எடையுள்ள ஆண் கொரில்லா மார்பில் அடித்துக்கொண்டு பாய்ந்து வந்தால் ஓடக் கூடாது, அசையாமல் குனிந்திருக்க வேண்டும். ஃபாசி அவற்றைப் போலவே கை ஊன்றி நடந்தார், அவை தின்னும் தழையை மென்றார், அவற்றின் ஏப்பச் சத்தத்தையும் எழுப்பினார். நம் கைரேகை போல ஒவ்வொரு கொரில்லாவுக்கும் மூக்குச் சுருக்கம் வேறு. அதை வரைந்து வைத்தே அடையாளம் கண்டார். 1970ல் ஒரு கொரில்லா தானாக வந்து அவர் கையைத் தொட்டது. இந்த உழைப்பு அவருக்குக் கேம்பிரிட்ஜில் டாக்டர் பட்டமும் வாங்கித் தந்தது. பிசிக்ஸில் தோற்றவர்தான் இவர்!

ஆனால் பார்ப்பது மட்டும் போதாது என்ற நிலைமை வந்தது. விரல் கோணியிருந்ததால் டிஜிட் என்று பெயரிட்டு, குட்டியிலிருந்து பழகிய ஆண் கொரில்லாவை 1977 டிசம்பர் 31ல் திருட்டு வேட்டைக்காரர்கள் கொன்று தலையையும் கைகளையும் வெட்டிக்கொண்டு போனார்கள். அதன்பின் ஃபாசி நிதி திரட்டினார், கண்ணிகளை அறுத்தார். பிடிபட்ட வேட்டைக்காரர்களை அடிக்கவும் செய்தார். அது சரியில்லைதான். பகையும் வளர்ந்தது. 1985 டிசம்பரில் தன் குடிசையிலேயே வெட்டிக் கொல்லப்பட்டார். கொன்றது யார் என்பதில் இன்றும் சர்ச்சை. டிஜிட்டின் பக்கத்திலேயே அவரைப் புதைத்தார்கள்.

1960 வாக்கில் விருங்காவில் சுமார் 450 இருந்த மலைக் கொரில்லாக்கள் 1981ல் ஏறக்குறைய 250 ஆகக் குறைந்தன. 2015-16 கணக்கெடுப்பில் 604. சுற்றுலாப் பயணிகள் மலையேறி வருவது ஃபாசிக்குப் பிடிக்காது. ஆனால் அவர்கள் கட்டும் பணமும் இன்று காவலுக்கு உதவுகிறது. ருவாண்டா 2017ல் அந்தக் கட்டணத்தை 1500 டாலராக உயர்த்தியது. காவலும் வைத்தியமும் பணமும் எல்லாம் சேர்ந்துதான் அந்த எண்ணிக்கையை ஏற்றின. ஆனால், அவை ஒவ்வொன்றும் மூக்கும் முகமும் பெயரும் உள்ள உயிர்கள் என்று உலகத்துக்குக் காட்டியவர் அவர் என்றால் மிகையாகாது.

நண்பர்களே, பெயிலானது பெருமை என்று நான் சொல்ல வரவில்லை. ஒரு பேப்பரில் விழுந்ததற்காக, பிடித்ததை விட்டுவிட வேண்டியதில்லை என்றுதான் சொல்கிறேன். அம்மாவிடம் சொல்லிவிட்டேன். அக்டோபரில் மறுபடியும் எழுதப் போகிறேன்.

— இரண்டாமாண்டு மாணவன், இயந்திரவியல் துறை