விமானம் வரைந்த வீரர்

பென்சிலும் தாளும் கிடைத்தால் விமானம் வரையாத சிறுவன் உண்டோ? நாமும் வரைந்தோம், பின்னர் மறந்தோம். ஆனால், தாம் வரைந்த விமானத்திலேயே ஏறிப் போரிட்டு, 19 வயதில் வானிலேயே உயிர் நீத்தார் ஓர் இந்திய இளைஞர். அவர்தாம் இந்திரலால் ராய்.

1898ஆம் ஆண்டு டிசம்பர் 2ஆம் நாள் கல்கத்தாவில் பிறந்தார். தந்தையார் பாரிஸ்டர். தாயார் லலிதா ராய், 1911இல் இலண்டனில் பெண்களின் வாக்குரிமைக்காக நடந்த பேரூர்வலத்தில் இந்தியப் பெண்களோடு நடந்தவர். இந்திரலால் படித்ததும் இலண்டனில், செயின்ட் பால்ஸ் பள்ளியில்தான்.

முதல் உலகப் போர் மூண்டது. விமானப் படையில் சேர விண்ணப்பித்தார் இந்திரலால். கண்பார்வை போதாது என்று தள்ளிவிட்டார்கள். அவர் சோர்ந்துவிடவில்லை. தம் மோட்டார் சைக்கிளை விற்று, அந்தப் பணத்தில் பெயர் பெற்ற கண் மருத்துவர் ஒருவரிடம் மறுபடி சோதித்துக்கொண்டு, தகுதிச் சான்று பெற்றார் என்பர். 1917இல், 18 வயதில், அதிகாரியாக அமர்ந்தார்.

அக்காலத்து விமானத்தை இன்றைய விமானத்தோடு ஒப்பிடலாகாது. அவர் ஓட்டிய எஸ்.இ.5ஏ ஒருவர் மட்டுமே அமரக்கூடியது. மரச்சட்டத்தின் மேல் துணி போர்த்தியது. மேலே கூரை கிடையாது. குதித்துத் தப்பப் பாராசூட்டும் கொடுக்கப்படவில்லை. தீப்பற்றினால் முடிவு ஒன்றுதான்.

1917இன் இறுதியில் அவருடைய விமானம் விழுந்து நொறுங்கியது. இறந்தார் எனக் கருதிப் பிணவறையில் கிடத்தினார்கள், கண் விழித்துக் கதவைத் தட்டினார் என்றொரு கதை வழங்குகிறது. கதையோ, மெய்யோ, காயம் மட்டும் மெய். இனிப் பறக்கத் தகுதியில்லை என்று மருத்துவர்கள் எழுதிவிட்டனர்.

உடல் தேறிவந்த அந்த மாதங்களில்தான் அவர் படம் வரையலானார். எல்லாம் விமானங்கள்! போர்க்களத்திலிருந்து தப்பி வந்தவர் அதை மறக்கவன்றோ முயல்வார்? இவரோ தம்மைக் கீழே தள்ளிய இயந்திரத்தையே திரும்பத் திரும்பத் தாளில் தீட்டினார். பார்வை போதாது என்று ஒதுக்கப்பட்ட அதே கண்கள் பார்த்து வரைந்த அப்படங்களுள் பல இன்றும் எஞ்சியுள்ளன. பெரிய ஓவியர்கள் பிற்காலத்தில் வீரர்களைப் போற்றித் தீட்டும் வண்ண ஓவியங்களைவிட, இந்தப் படங்களே எனக்கு அவரை அருகில் கொண்டுவருகின்றன. பறக்கத் தடை செய்யப்பட்டவரின் ஏக்கமன்றோ அவை!

மேலிடத்தில் மன்றாடி மீண்டும் அனுமதி பெற்றார். 1918 ஜூனில் பிரான்சில் 40ஆம் படைப்பிரிவில் சேர்ந்தார். மெக்கெல்ராய் என்ற அயர்லாந்து வீரர் அவருக்குத் தலைவராகவும் ஆசானாகவும் வாய்த்தார். பிறகு நடந்தது வியப்புக்குரியது. ஜூலை 6 முதல் 19 வரை பத்து வெற்றிகள்! ஜூலை 8ஆம் நாள் மட்டும் நான்கு மணி நேரத்திற்குள் மூன்று. வெற்றி என்று எளிதாக எழுதிவிடுகிறோம். வீழ்ந்த விமானங்கள் சிலவற்றில் இருவர் இருவராக அமர்ந்திருந்தனர். அவர்களும் இளைஞர்களே.

ஜூலை 22ஆம் நாள் கார்வின் என்னும் ஊருக்கு மேலே ஜெர்மானிய ஃபோக்கர் விமானங்களோடு நடந்த சண்டையில் அவர் விமானம் தீப்பற்றி வீழ்ந்தது. ஆசான் மெக்கெல்ராயும் அம்மாத இறுதி நாளிலேயே மாண்டார்.

அதே செப்டம்பரில், சிறப்புமிகு பறத்தல் சிலுவை என்ற விருது அவருக்கு அளிக்கப்பட்டது. அதனைப் பெற்ற முதல் இந்தியர் அவரே. தம் நாட்டை அடிமைப்படுத்தியிருந்த பேரரசுக்காக உயிர் கொடுத்தாரே என்று கேட்போர் உண்டு. அக்கேள்வியில் நியாயம் இருக்கிறது. ஆயினும், இந்தியரால் இயலாது என்று எண்ணியவர்களுக்கு விடை தந்தவர்களுள் அவரும் ஒருவர் என்பதை மறுப்பார் யார்?

1998இல், அவர் பிறந்த நூறாம் ஆண்டில், இந்திய அஞ்சல்துறை அவருக்கு அஞ்சல்தலை வெளியிட்டது. கல்கத்தாவின் பவானிப்பூரில் ஒரு சாலை அவர் பெயரைத் தாங்கி நிற்கிறது. அவர் உடலோ பிரான்சின் எஸ்தவெல் என்ற சிற்றூர்க் கல்லறையில் உறங்குகிறது. அக்கல்லில் பிரெஞ்சு எழுத்துகளோடு அவருடைய தாய்மொழியாம் வங்காளத்தின் எழுத்துகளும் பொறிக்கப்பட்டுள்ளன.