15 வயதில் மனம் உடைந்த பாரதி

கரிசல் மண்ணில் பருத்தி விளையும். கோவில்பட்டிக்குப் பக்கத்தில் உள்ள எட்டயபுரம் அந்த மண்ணின் ஊர். அங்கே பாரதியின் தந்தை சின்னசாமி அய்யர் பஞ்சு ஆலை வைத்தார். ஆலை நொடித்தது. வெள்ளைக்காரர் சூழ்ச்சியால் சொத்து போயிற்று என்று பாரதி பின்னால் எழுதினார். கூடவே இருந்து புகழ்ந்தவர்கள் மெல்ல நழுவினார்கள்.

1898-ல் தந்தை இறந்தார். பாரதிக்கு வயது 15. தாயோ அவருடைய 5 வயதிலேயே போய்விட்டார். முந்தின ஆண்டுதான் கல்யாணம் ஆகியிருந்தது!

பாரதி இடிந்து போனார். மனம் தெளியவில்லை. உடம்பில் வலு இல்லை. வழி எதுவும் தெரியவில்லை. ஏன் பிறந்தோம் என்றுகூடத் தோன்றியது.

இது கோழைத்தனமா? இல்லை. இப்படி வாரக்கணக்கில் நீடித்தால் அது மனச்சோர்வு என்ற நோயாக இருக்கலாம் என்பார்கள் டாக்டர்கள். காய்ச்சல் வந்தவரை யாரும் ஏசுவதில்லையே!

அன்று இதற்கு வைத்தியம் ஏது? சென்னை கீழ்ப்பாக்கத்தில் 1871 முதல் மனநோய் விடுதி இருந்தது. அடைத்து வைப்பதுதான் அங்கே பெரும்பாலும் நடந்தது. மனச்சோர்வுக்கு மாத்திரை வந்ததே 1950-களில்தான். இன்று அரசு ஆஸ்பத்திரியில் மனநல டாக்டரைப் பார்க்கலாம். 14416 என்ற எண்ணுக்கு இரவும் பகலும் போன் செய்யலாம். காசு வேண்டாம்.

பாரதிக்குக் கிடைத்தவர் அத்தை குப்பம்மாள். காசியில் இருந்த அவர், பாரதியைத் தம்மிடம் அழைத்துக்கொண்டார். பாரதி அங்கே படித்தார்.

1910-ல், புதுச்சேரியில் இருந்தபோது, தம் கதையைப் பாட்டாக எழுதி வெளியிட்டார். 15 வயதில் பட்ட சோர்வை அதில் மறைக்கவில்லை. அந்தப் புத்தகத்துக்கு 1911-ல் வெள்ளைக்கார அரசு தடை போட்டது.