காந்தமும் ஒளியும் கண்ட கிருஷ்ணன்

தேனி மாவட்டத்து வருசநாட்டு மலைக்குக் கிழக்கே, மேற்குத் தொடர்ச்சி மலையின் அடிவாரத்தில் அமைந்த ஊர் வத்திராயிருப்பு. அங்கு 1898ஆம் ஆண்டு திசம்பர்த் திங்கள் 4ஆம் நாள் கரியமாணிக்கம் சீனிவாச கிருஷ்ணன் பிறந்தார். தமிழிலும் வடமொழியிலும் புலமை பெற்ற தந்தையிடமிருந்து கல்வியார்வம் பெற்றார். திருவில்லிபுத்தூரில் பள்ளிக் கல்வியை முடித்து, மதுரை அமெரிக்கன் கல்லூரியிலும் சென்னைக் கிறித்தவக் கல்லூரியிலும் பயின்றார்.

1923ஆம் ஆண்டு கொல்கத்தாவில் சர். சி. வி. இராமனின் ஆய்வுக்குழுவில் இணைந்தார். 1928ஆம் ஆண்டில் உலகறிந்த இராமன் விளைவைக் கண்டறிந்த ஆய்வில் அவருக்குப் பெரும் பங்குண்டு. அதற்கு முந்தைய ஆண்டிலேயே இருவரும் மற்றொரு புதிருக்கு விடை தேடினர். வலிய காந்தப்புலத்தில் வைக்கப்பட்ட சில நீர்மங்கள் ஒளியை இரட்டையாக விலகச் செய்வதைப் பிரான்சு நாட்டின் காட்டன், மூட்டன் ஆகியோர் 1907ஆம் ஆண்டில் கண்டிருந்தனர். காந்தம் ஒளியின் போக்கை மாற்றுவது எவ்வாறு?

மூலக்கூறுகளின் காந்தப் பண்பும் ஒளியியல் பண்பும் திசைக்குத் திசை வேறுபடுகின்றன என்பதே விடையின் அடிப்படை. கம்பம் பள்ளத்தாக்கின் நெற்கதிர்கள் காற்றில் ஒருபுறம் சாய்வதுபோல, மூலக்கூறுகளைக் காந்தம் ஒருமுகப்படுத்த முயல்கிறது. வெப்ப அசைவோ அவற்றைக் கலைக்கிறது. எஞ்சும் சிறு ஒழுங்கே ஒளியில் புலப்படுகிறது.

நீர்மத்தில் கலைந்திருக்கும் மூலக்கூறுகள் படிகத்தில் ஒழுங்காக அடுக்கப்பட்டுள்ளன. எனவே, 1928ஆம் ஆண்டின் இறுதியில் டாக்கா பல்கலைக்கழகத்திற்குச் சென்ற கிருஷ்ணன் படிகங்களை ஆராய்ந்தார். சிறு படிகத்தை மெல்லிய குவார்ட்ஸ் இழையில் காந்தப்புலத்தினுள் தொங்கவிட்டு, இழையின் மேல்முனையை மெல்ல முறுக்கினார். குறிப்பிட்ட கோணத்தில் படிகம் திடீரெனத் திரும்பியது. அக்கோணத்தைக் கொண்டு படிகத்தின் காந்தப் பண்பு திசைதோறும் வேறுபடும் அளவைக் கணக்கிட்டார். அதனுள் மூலக்கூறுகள் அமைந்த விதத்தையும் உய்த்துணர்ந்தார். எளிய கருவியும் நுண்ணிய சிந்தனையும் இணைந்த ஆய்வு இது.

1940ஆம் ஆண்டு இலண்டன் அரச கழகம் அவரை உறுப்பினராக்கியது. 1947இல் புதுதில்லி தேசிய இயற்பியல் ஆய்வகத்தின் முதல் இயக்குநரானார். 1954இல் பத்மபூஷண் விருது பெற்றார். அறிவியலைத் தமிழில் கூற இயலும் என உறுதியாக நம்பிய அவர், தாமே தமிழில் கட்டுரைகள் எழுதிக் காட்டினார். 1961ஆம் ஆண்டு சூன் திங்களில் மறைந்தார்.

ஒளியின் அலைநீளத்தினும் சிறிய அமைப்புகளை அடுக்கி உருவாக்கும் மெட்டாமெட்டீரியல்களைக் கொண்டு, காந்தம் ஒளியில் ஏற்படுத்தும் மிகச்சிறு மாற்றத்தை இன்றைய அறிவியலாளர்கள் வலுப்படுத்துகின்றனர். இயற்கைப் பொருளின் உள்ளமைப்பே அதன் பண்பைத் தீர்மானிக்கிறது எனக் கிருஷ்ணன் அளந்து காட்டினார். அவ்வமைப்பை மனிதர் தாமே வடிப்பது இன்றைய முயற்சி.