காசிமேடு மீனை ஃப்ரீசர்ல வைக்கிறீங்களா? இவரைத் தெரிஞ்சுக்கோங்க!

ஜூன் 14-ம் தேதியோடு 61 நாள் மீன்பிடித் தடைக்காலம் முடியும். விசைப்படகுகள் கடலுக்குப் போய்த் திரும்பினதும் காசிமேடு களைகட்டிடும். சங்கரா, வஞ்சிரம், நெத்திலினு குவிஞ்சு கிடக்கிறதைப் பார்த்ததும், ரெண்டு கிலோ வாங்கப் போன நீங்க அஞ்சு கிலோவோட ராயபுரம் வீட்டுக்குத் திரும்புவீங்க. மிச்சத்தை ஒரே கவர்ல கட்டி ஃப்ரீசர்ல போடுவீங்க. பத்து நாள் கழிச்சு எடுத்தா, தண்ணி விட்டு, சதை தொளதொளன்னு இருக்கும். காசும் போச்சு, மீனும் போச்சு!

இதுக்கு நூறு வருஷம் முன்னாடியே வழி கண்டவர், கிளாரன்ஸ் பேர்ட்ஸ்ஐ.

1886-ல் நியூயார்க்கின் புரூக்ளினில் பிறந்தவர். பணமில்லாமல் கல்லூரிப் படிப்பைப் பாதியிலேயே விட்டார். 1912-ல் நரித்தோல் வியாபாரத்துக்காக, இன்றைய கனடாவில் இருக்கும் லாப்ரடாருக்குப் போனார். அங்கே இனுயிட் மக்கள் பனிக்கட்டியில் துளை போட்டு மீன் பிடிப்பார்கள். மைனஸ் 40 டிகிரி குளிர்காற்றில் அது சட்டுனு உறைஞ்சிடும். மாசக்கணக்கில் கழிச்சு சமைச்சாலும் புது மீன் மாதிரியே ருசி!

காரணம் என்ன தெரியுமா? மெதுவா உறைஞ்சா பெரிய பனிப்படிகங்கள் உருவாகி, சதையின் செல்களைக் கிழிச்சிடும். வேகமா உறைஞ்சா படிகங்கள் பொடிசா இருக்கும், செல்கள் பிழைச்சுக்கும். அந்த மக்கள் பழக்கத்தில் வைத்திருந்ததை, இவர் இயந்திரமாக மாற்றினார்.

சும்மா நடந்துடலை. நியூயார்க்கில் ஆரம்பிச்ச முதல் மீன் கம்பெனி திவாலானது. ஆனாலும் விடலை. பிறகு குளோஸ்டர் என்ற மீன்பிடித் துறைமுக ஊரில் மறுபடி தொழிலை நடத்தினார். அட்டைப்பெட்டியில் அடைத்த மீனை, கடும் குளிரான ரெண்டு உலோகத் தகடுகளுக்கு நடுவே அழுத்தி உறைய வைத்தார். 1929-ல் அந்தத் தொழில் 2.2 கோடி டாலருக்கு விலைபோனது. அடுத்த வருஷமே ஸ்பிரிங்ஃபீல்டு நகரக் கடைகளில் உறைந்த மீன், இறைச்சியோடு பட்டாணி, கீரையும் விற்பனைக்கு வந்தன.

அவர் பாடம் உங்க வீட்டுக்கும் பொருந்தும். மீனைக் கழுவி, ஈரம் துடைச்சு, ஒரு வேளைக்கு வேண்டிய அளவா பிரிங்க. மெல்லிசா, தட்டையா, காற்று போகாம கட்டி, ஒண்ணு மேல ஒண்ணு அடுக்காம பரப்பி வைங்க. ஃப்ரீசர் மைனஸ் 18-ல் இருக்கட்டும். மொத்தத்தையும் ஒரே நேரத்தில் திணிக்காதீங்க. பட்டாணி, பீன்ஸ்னா கொதிநீரில் ரெண்டு நிமிஷம் போட்டு, குளிர்ந்த நீரில் ஆறவெச்சு, ஈரம் வடிச்சு வைங்க, நிறம் மாறாது.

1956-ல் பேர்ட்ஸ்ஐ மறைந்தார். அவருடைய சாம்பல் குளோஸ்டர் கடலிலேயே தூவப்பட்டது. அடுத்த முறை காசிமேட்டுல கூடுதலா வாங்கும்போது, இந்த மனுஷனை ஒரு தடவை நினைச்சுக்கோங்க!