கான்பூரில் விழுந்த பத்திரிகையாளர்

மூன்று சமயத்தாரும் ஒரே கடைவீதியில் கொடுத்து வாங்கி வாழும் உத்தமபாளையத்தில் உள்ள நமக்கு, கணேஷ் சங்கர் வித்யார்த்தியின் வாழ்வு அந்நியமானதல்ல. வடநாட்டில் பெயர் பெற்ற இவரைப் பற்றி நம் பக்கத்தில் ஏனோ அதிகம் பேசுவதில்லை.

1890 அக்டோபர் 26 அன்று அலகாபாத்தில் பிறந்தார். தந்தை பள்ளி ஆசிரியர். வசதி போதாததால் கல்லூரிப் படிப்பு பாதியில் நின்றது. 1913-ல் கான்பூரில் 'பிரதாப்' என்ற இந்தி வார இதழைத் தொடங்கினார். விவசாயிகளுக்காகவும் ஆலைத் தொழிலாளர்களுக்காகவும் எழுதிப் பலமுறை சிறை சென்றார். வேறு பெயரில் வந்த பகத் சிங்கிற்கு அந்த இதழில் வேலை கொடுத்தவரும் இவரே.

1931 மார்ச் 5 அன்று காந்தி - இர்வின் ஒப்பந்தம் கையெழுத்தானது. சட்டமறுப்பு இயக்கம் நிறுத்தப்பட்டது, கைதிகள் விடுதலையாயினர். வித்யார்த்தியும் 9-ஆம் தேதி வெளியே வந்தார். நாடெங்கும் ஓர் அமைதி. ஆனால் அது நூலிழையில் தொங்கிய அமைதி. 23-ஆம் தேதி இரவு லாகூரில் பகத் சிங், ராஜகுரு, சுகதேவ் மூவரும் தூக்கிலிடப்பட்டனர்.

மறுநாள் கான்பூரில் கடையடைப்பு. கடையை மூடச் சொல்லி எழுந்த தகராறு இந்து - முஸ்லிம் மோதலாக வெடித்தது. தடியும் கத்தியும் தெருவுக்கு வந்தன. வீடுகளும் வழிபாட்டிடங்களும் எரிந்தன. காவல்துறை வேண்டுமென்றே கைகட்டி நின்றது என்ற குற்றச்சாட்டு அப்போதே எழுந்தது. ஒப்பந்தத்தை ஏற்கும் காங்கிரஸ் மாநாட்டிற்காகத் தலைவர்கள் கராச்சியில் கூடிய வாரம் அது. இந்தியர் தம்மைத் தாமே ஆளத் தகுதியற்றவர் என்று சொல்ல ஆட்சியாளருக்கு இதைவிட நல்ல வாய்ப்பு ஏது?

வித்யார்த்தி ஒரு ஆயுதமும் இன்றித் தெருவில் இறங்கினார். இந்துக்கள் நிறைந்த பகுதிகளில் சிக்கிய முஸ்லிம் குடும்பங்களை மீட்டுப் பத்திரமான இடத்தில் சேர்த்தார். பிறகு முஸ்லிம் பகுதிகளில் சிக்கிய இந்துக்களைத் தேடிப் போனார். இரண்டு பக்கமும் போனார் என்பதைத்தான் நாம் ஊன்றிக் கவனிக்க வேண்டும். தன் பக்கத்தாரை மட்டும் காப்பவர்கள் எந்தக் கலவரத்திலும் உண்டு. 25-ஆம் தேதி அப்படிப் போன இடத்தில் ஒரு கும்பல் அவரைக் கொன்றது. வயது 40.

இரண்டு நாள் கழித்து, மருத்துவமனையில் குவிந்திருந்த சடலங்களிடையே அவர் உடல் கிடைத்தது. முகம் அடையாளம் தெரியவில்லை. கதர் உடையையும் பையிலிருந்த கடிதங்களையும் கொண்டே இன்னார் என்று கண்டனர். அத்தகைய மரணம் தமக்கும் வாய்க்க வேண்டும் என்று காந்தியடிகள் எழுதினார்.

கராச்சி மாநாடு ஒப்பந்தத்தை ஏற்றது. கான்பூர் கலவரத்தை ஆராயக் குழு ஒன்றையும் அமைத்தது. அக்குழுவின் அறிக்கை அச்சாகி வந்தபோது ஆங்கில அரசு அதைத் தடை செய்தது.