திமிரியிலிருந்து பாரிக்கு

மலருக்கு ஏதாவது எழுதிக் கொடுங்கள் என்று சங்கத்திலிருந்து கேட்டதும், நம் பௌதிக ஆய்வுக்கூடத்து ஒத்ததிர்வுக் குழாய்தான் ஞாபகம் வந்தது. இசைக்கவையைத் தட்டி வாயருகே பிடித்துக்கொண்டு தண்ணீர் மட்டத்தை இறக்குவோமே, ஓர் இடத்தில் சத்தம் குபுக்கென்று பெருகுமே, அதேதான். மூன்றாம் ஆண்டில் அதே சூத்திரத்தை நாதஸ்வரத்துக்குப் போட்டேன். சீவாளிப் பக்கம் வாய் மூடியிருக்கு, அணசுப் பக்கம் திறந்திருக்கு. ஆகவே குழலின் நீளம் கால் அலை. விடை ஒரு ஸ்தாயி கீழே வந்து நின்றது!

நாயனத்தின் உள்துளை நேர்க்குழல் அல்ல, கூம்பு. கூம்புக்குள் ஒலி விரிந்துகொண்டே போவதால், நுனி மூடியிருந்தாலும் இரு முனையும் திறந்த குழல்போல அரை அலைக்கே ஒத்ததிர்கிறது. இந்தக் கணக்கைத் திருத்தப் போய்த்தான் டி.என். ராஜரத்தினம் பிள்ளையின் கதைக்குள் விழுந்தேன்.

1898 ஆகஸ்ட் 27-ல் பிறந்தவர். இயற்பெயர் பாலசுப்பிரமணியம். தாய்மாமன் திருமருகல் நடேச பிள்ளை பெரிய நாதஸ்வர வித்வான். அவருக்குச் சுவீகாரம் போனார். பிடில் மேதை திருக்கோடிக்காவல் கிருஷ்ணய்யரிடம் கற்றது வாய்ப்பாட்டு. இது முக்கியம். பாடகனின் காது அவருக்கு முதலிலேயே வாய்த்துவிட்டது.

அந்தக் காலத்து நாயனம் திமிரி. குட்டை, நாலரை அஞ்சு கட்டை சுருதி. நான்கு மாட வீதிக்கும் கேட்க வேண்டிய வாத்தியம், அதனால் கீச்சென்று உச்சத்தில் நிற்கும். ராஜரத்தினம் நீண்ட பாரி நாயனத்துக்கு மாறினார். சுருதி இரண்டு, இரண்டரைக் கட்டைக்கு இறங்கியது. கேட்க எளிதாக இருக்கிறது. ஐந்திலிருந்து இரண்டரைக்கு இறங்குவது நாலு அரைச்சுரம். குழல் சுமார் 26 சதவீதம் நீள வேண்டும். எல்லா அளவும் அதே விகிதத்தில் பெருத்தால் உள்ளே இருக்கும் காற்று இரண்டு மடங்கு! துளைகளும் தள்ளிப்போகும், விரல் அகல வேண்டும். அத்தனையையும் சமாளித்துத்தான் அந்த மணிக்கணக்கான ராக ஆலாபனை. ஒத்துக்குப் பதிலாகத் தம்புராவையும் சுருதிக்கு வைத்துக்கொண்டார்.

இதெல்லாம் வெறும் நாத ருசி என்று எனக்குத் தோன்றவில்லை. நாயனக்காரர் திறந்த மார்போடு, இடுப்பில் துண்டைக் கட்டிக்கொண்டு, நின்று வாசிக்க வேண்டும் என்றிருந்த காலம் அது. இவர் குடுமியை எடுத்து கிராப் வைத்தார், ஷெர்வானி போட்டார், மேடையில் உட்கார்ந்து வாசித்தார். திமிர் என்றார்கள். பாட்டுக்காரருக்குச் சமமாக உட்கார நினைத்தவர், வாத்தியத்தையும் பாட்டுக்காரர் குரலுக்குப் பக்கத்தில் கொண்டுவந்து வைத்தார் என்றே நான் நினைக்கிறேன். 1940-ல் 'காளமேகம்' படத்தில் கதாநாயகனாகவும் நடித்துப் பார்த்தார். அது சினிமா, விட்டுவிடலாம்.

அவர் பெயர் சொன்னால் தோடி. தோடிக்கு வேண்டியது சுத்த மத்திமம். பழைய குழலிலோ துளை கொடுப்பது பிரதி மத்திமம். விரலை அரைகுறையாக மூடி, காற்றைத் தளர்த்தி, ஒவ்வொரு முறையும் சுரத்தைக் கீழே இழுத்துப் பிடிக்க வேண்டும். நரசிங்கம்பேட்டை ரங்கநாத ஆச்சாரி 1955-ல் சுத்த மத்திமம் தானாக விழும்படி பாரி நாயனம் கடைந்தார். துளையை அணசுப் பக்கம் கொஞ்சம் நகர்த்தினால் சுரம் இறங்கும் என்பது நமக்குத் தெரியும். ஆனால் ஒரு துளையைத் தொட்டால் மற்ற சுரங்களும் அசையும். கால்குலேட்டர் இல்லாமல், காதை மட்டும் நம்பிச் செய்த வேலை. அந்தக் குழலை ராஜரத்தினம் வாசித்தார். அதிக நாள் இல்லை. 1956 டிசம்பர் 12-ல் சென்னையில் காலமானார். சம்பாதித்த அளவுக்குச் சேர்த்து வைத்தவர் இல்லை.

பாணியைச் சீடர் காருகுறிச்சி அருணாசலம் எடுத்துப் போனார். அவரும் 1964-லேயே போய்விட்டார். நரசிங்கம்பேட்டை நாதஸ்வரத்துக்கு 2022-ல் புவிசார் குறியீடு கிடைத்தது. பழைய வீடுகளைப் பிரிக்கும்போது கிடைக்கும் ஆச்சா மரத்தில்தான் இன்றும் கடைகிறார்கள்.

போன வைகாசி கருட சேவைக்குக் காஞ்சிக்கு வந்திருந்தேன். விடியற்காலை, வரதராஜர் கோயில் வாசலில் ஒரு வித்வான் வாசிக்கும் முன் குழலுக்குள் சும்மா ஊதிக்கொண்டிருந்தார். பக்கத்திலிருந்த என் பையன் ஏன் என்று கேட்டான். காற்று ஒரு டிகிரி சூடானால் ஒலியின் வேகம் வினாடிக்கு 0.6 மீட்டர் கூடும், பத்து டிகிரி என்றால் அரைச்சுரத்தில் கால் பங்குக்கு மேலேயே சுருதி ஏறிவிடும் என்று சொல்ல ஆரம்பித்தேன். அதற்குள் தவில் தட்டிவிட்டார்கள்.