அகெனாதென்: ஒரு மன்னர் ஆசையாகக் கட்டிய தலைநகரம் 20 ஆண்டுகூட நிலைக்காதது ஏன்?

எகிப்து என்றாலே பிரமிடும் துட்டன்காமுனும்தான் நினைவுக்கு வரும். ஆனால் துட்டன்காமுனுக்கு முன்னால், மொத்தத் தலைநகரத்தையே பாலைவனத்துக்கு மாற்றிய ஒரு மன்னர் இருந்தார். அவர்தான் அகெனாதென்.

யார் இவர்?

கி.மு. 1350 வாக்கில் ஆட்சிக்கு வந்தபோது இவர் பெயர் நான்காம் அமென்ஹோதெப். மனைவி நெஃபெர்டிட்டி. அப்போது தீப்ஸ் நகரின் அமுன் கோயிலுக்கும் அதன் பூசாரிகளுக்கும் செல்வாக்கு அதிகம். இவருக்கோ சூரிய வட்டமான ஆதென்தான் எல்லாம். ஆட்சியின் 5-ம் ஆண்டு வாக்கில் பெயரையே அகெனாதென் என்று மாற்றிக்கொண்டார். பிறகு அமுனின் பெயரைக் கோயில் சுவர்களிலிருந்தே செதுக்கி எடுக்க வைத்தார்.

ஏன் புது நகரம்?

எந்தக் கடவுளுக்கும் சொந்தமில்லாத இடம் வேண்டும் என்பதுதான் காரணம். இன்றைய கெய்ரோவுக்குத் தெற்கே சுமார் 300 கி.மீ. தொலைவில், நைல் நதியின் கிழக்குக் கரையில் இருந்த வெற்று நிலத்தைத் தேர்ந்தெடுத்தார். சுற்றிலும் பாறைகளில் எல்லைக் கல்வெட்டுகள் வெட்டப்பட்டன. ஊர் பெயர் அகெதாதென், இன்று அமர்னா.

வேலை படுவேகமாக நடந்தது. பெரிய பாறைகளுக்குப் பதிலாக, ஒரே ஆள் தூக்கும் அளவுக்குச் சின்னச் சின்னக் கற்களை வெட்டினார்கள். அரண்மனை, கூரையில்லாத கோயில்கள், வீடுகள் எல்லாம் சில ஆண்டுகளில் எழுந்தன.

விலை கொடுத்தது யார்?

அதிகாரிகளின் கல்லறைச் சுவர்களில் படையல் மேசைகள் நிரம்பி வழிகின்றன. சாதாரண மக்களின் எலும்புகள் வேறு கதை சொல்கின்றன. அமர்னாவின் இடுகாடுகளைத் தோண்டியபோது ஊட்டச்சத்துக் குறைபாடும், பாரம் சுமந்து தேய்ந்த முதுகெலும்புகளும் தெரியவந்தன. ஒரு இடுகாட்டில் கிடைத்தவர்களில் பெரும்பாலோர் 25 வயதைத் தாண்டாதவர்கள். சிறுவர்களும் நிறையப் பேர்.

அப்புறம் என்ன ஆச்சு?

17-ம் ஆட்சியாண்டில் அகெனாதென் இறந்தார். நகரத்தின் உயிரே அவர்தான். விவசாயமோ வணிகமோ வளர்த்த ஊர் அல்ல அது. சில ஆண்டுகளிலேயே பட்டத்துக்கு வந்த சிறுவன் துட்டன்காதென், துட்டன்காமுன் என்று பெயர் மாற்றிக்கொண்டு பழைய கடவுள்களிடம் திரும்பினார். அரசவை கிளம்பியது, ஊரும் காலியானது. பின்னால் வந்தவர்கள் கோயில்களை இடித்து, கற்களை வேறு கட்டடங்களுக்குள் போட்டு நிரப்பினார்கள். மன்னர்களின் பட்டியலிலும் அகெனாதென் பெயர் இல்லை.

பிறகு எப்படித் தெரிந்தது?

கைவிடப்பட்டதே நகரத்தைக் காப்பாற்றியது. பெரும்பகுதியின் மேல் வேறு ஊர் எழவில்லை. 1887-ல் வெளிநாட்டு மன்னர்களுடன் நடந்த கடிதப் போக்குவரத்தின் களிமண் பலகைகள் கிடைத்தன. 1912-ல் ஒரு சிற்பியின் பட்டறையில் நெஃபெர்டிட்டியின் புகழ்பெற்ற மார்பளவுச் சிலை கிடைத்தது. சுவர்களுக்குள் ஒளித்த கற்களில் அகெனாதெனின் சிற்பங்கள் அப்படியே இருந்தன. அழிக்க நினைத்த மன்னரைப் பற்றி இன்று இவ்வளவு தெரிகிறது. நகரத்தைச் சுமந்த பிள்ளைகளின் பெயர்தான் எங்கும் இல்லை.